ஏழாவது டயர்

கண்டிப் பெரஹரா முடிந்து ஒரு வாரம். கெட்டம்பே டயர் கடையில் என் ஸ்கூட்டருக்கு முன்னால் இரண்டு லொறிகள் நின்றன. என்னுடையது சின்னப் பஞ்சர்தான், பத்து நிமிட வேலை. ஆனால் அந்தக் கடையில் ஸ்கூட்டருக்கு எப்போதும் கடைசி முறை. வாசலில் ஒரு ரிம்மைக் கவிழ்த்து, மேலே சாக்கை நான்காக மடித்துப் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் உட்கார வேறு ஆசனம் இல்லை. உட்கார்ந்தேன்.

பக்கத்தில் ஹாஜியாரின் மேசை. மேசைமேல் ஒரு கல்குலேட்டர், அரைவாசி குடித்த பிளேன்டீ, தடித்த சி.ஆர். கொப்பி ஒன்று. கொப்பியின் ஓரங்கள் எல்லாம் கறுப்பு விரல் அடையாளம். இருபது வருடமாக அந்தக் கடைக்கு வரும் லொறிகளின் ஜாதகம் அதில் இருக்கிறது என்று சொல்வார்கள். லொறி இலக்கம், டயர் இலக்கம், எந்தப் பக்கம் பூட்டியது, அப்போது மீட்டர் எவ்வளவு. தமிழும் சிங்களமும் கலந்த எழுத்து.

முதல் லொறி நீலம், 2013ஆம் ஆண்டு வண்டி. நெற்றியில் 'முருகன் துணை'. கலஹாப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கொழும்புக்குத் தேயிலை ஏற்றுகிறது. உரிமையாளர்தான் சாரதியும். ஐம்பது வயது இருக்கும். சட்டைப் பையில் பேனையோடு காற்றமுக்கமானியும் குத்தியிருந்தார்.

இரண்டாவது லொறி வெள்ளை. ஆசனத்தின் பொலித்தீன் உறையை இன்னும் கழற்றவில்லை. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025இல் திறந்த பிறகு இந்தியாவிலிருந்து வந்தது. அக்குறணை இளைஞர் ஒருவருடையது. கண்டியிலிருந்து மஹியங்கனைக்குச் சீமெந்து ஏற்றி, திரும்பும்போது அரிசி கொண்டுவருகிறார். தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய, அதற்கப்பால் பதினெட்டு வளைவு. வண்டிக்கு ஐந்து மாதம்தான் ஆகிறது. அதற்குள் முன்டயர் இரண்டும் மொட்டை.

"ஆறையும் கழட்டுங்க ஹாஜியார்" என்றார் இளைஞர். "கம்பனி டயர் எண்டா சமதரைக்குத்தான். நம்மட மலைக்கு ஏலா. கழட்டி வித்திட்டு வேற போடுவம்."

நீல லொறிக்காரர் அதைக் கேட்டுத் திரும்பினார். யாரோ தன் சொந்தக்காரரைப் பழித்ததைப் போல முகம் மாறியது.

"அப்படிச் சொல்லாதீங்க தம்பி. கம்பனி டயரு மாதிரி வராது. நம்ம வண்டிக்கு வந்தது ஏழு. முன்னுக்கு ரெண்டு, பின்னுக்கு நாலு, ஸ்பெயாரு ஒண்ணு. முன்டயரு மட்டும் எம்பதாயிரம் ஓடிச்சு. எம்பதாயிரம்! அதுக்குப் பொறகு நானும் எத்தனையோ போட்டுப் பாத்துட்டேன். ஒண்ணும் அந்தக் கணக்குக்கு வரலை."

ஹாஜியார் பேசாமல் கொப்பியைப் புரட்டினார். நீல லொறியின் பக்கம் வந்ததும் விரலை வைத்தார். என் பக்கத்திலிருந்து எழுத்துகள் தலைகீழாகத் தெரிந்தன. இலக்கங்களுக்கு அது தடையில்லை. முதல் வரி, 2015. 'முன் 2, கம்பனி, கழட்டியது, 46,200.' அடுத்த சோடி கழற்றிய வரியில் பழைய மீட்டரைக் கழித்து ஓரத்தில் சிவப்பில் எழுதியிருந்தது: 44,800. வித்தியாசம் 1,400 கிலோமீட்டர். கொழும்புக்கு ஐந்தாறு தரம் போய் வந்தால் தீர்ந்துவிடும். அதற்குக் கீழே 2018இல் 'மீட்டர் பழுது' என்றொரு குறிப்பு. அப்புறம் எல்லாமே 'சுமார்'.

ஹாஜியார் அந்த வரியைப் பார்த்தார். லொறிக்காரரின் முகத்தைப் பார்த்தார். கொப்பியை மெதுவாக மூடி, மேலே கல்குலேட்டரை வைத்தார்.

"அது நல்ல டயர்தான்" என்றார்.

உள்ளே டயர் பாஸ் வெள்ளை லொறியின் முன்சக்கரத்தை இறக்கியிருந்தார். சிங்களவர், மெலிந்த உடம்பு. அவருக்குப் பேச்சு என்றால் 'ஹரி' என்ற ஒரு சொல்தான். சரி என்பதற்கும் ஹரி, போதும் என்பதற்கும் ஹரி. டயரை உருட்டி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். அளவுகோல் எடுக்கவில்லை. உள்ளங்கையை டயரின் முகத்தில் வைத்து, வெளியிலிருந்து உள்ளே ஒரு தரம் தடவினார். பிறகு உள்ளிருந்து வெளியே. இரண்டாவது தரம் கை பாதியில் நின்றது. இளைஞரைக் கூப்பிட்டு, அவருடைய கையைப் பிடித்து அதே மாதிரித் தடவ வைத்தார். ஒரு பக்கம் போகும்போது வழுக்கியது. திரும்பும்போது அரம் மாதிரி அராவியது. பூனையின் முதுகை வாலிலிருந்து தலைப்பக்கம் தடவியவரைப் போல இளைஞர் கையை இழுத்துக்கொண்டார்.

"டயர்ல பிழையில்ல மகன்" என்றார் ஹாஜியார் இருந்த இடத்திலிருந்தே. "சில்லு ரெண்டும் ஒண்டையொண்டு பாத்துக்கொண்டு ஓடீக்கிது. எங்கயோ குழியில விழுந்தீக்கிறீங்க. எலைன்மென்ட் பாக்காம தங்கத்தில டயர் போட்டாலும் இப்படித்தான் தேயும்."

"அப்ப பின்டயர்?"

"அது வேற கதை. லொறி செய்யிறவன் ஆயிரம் லொறிக்கு ஒரே சாமானப் போடுவான். விலையப் பாப்பான், டீசல் செலவப் பாப்பான். உங்கட பதினெட்டு வளைவு அவனுக்குத் தெரியுமா? ஆறுக்கும் ரிப் போட்டு அனுப்பீக்கிறான். முன்னுக்கு ரிப் இருக்கட்டும். சொன்னபடி திரும்பும். பின்னுக்கு லக் போடுங்க. ஏத்தத்தில பிடிக்கிறது அதுதான்."

"ரேடியல் போடுவமா?"

ஹாஜியார் பிளேன்டீயை ஒரு வாய் குடித்தார். "நைலோன் முரட்டுப் பிள்ளை. அடிச்சாலும் தாங்கும், கூடப் பாரம் ஏத்தினாலும் தாங்கும், ஆனா கெதியாத் தேயும். ரேடியல் படிச்ச பிள்ளை. நல்லா உழைக்கும். காத்துக் குறைஞ்சா கோவிச்சிக்கொள்ளும். நீங்க காலையில காத்துப் பாக்கிற ஆளா?"

இளைஞர் பதில் சொல்லவில்லை. நீல லொறிக்காரரின் கை தானாகச் சட்டைப் பையிலிருந்த காற்றமுக்கமானியைத் தொட்டது.

"நான் பாப்பேன் அப்ப" என்றார் அவர். யாரையும் பார்த்துச் சொன்ன மாதிரி இல்லை. "லீசிங் கட்டி முடியும் மட்டும் ஒவ்வொரு நாளும் பாப்பேன். விடிய அஞ்சு மணிக்கு எழும்பி ஏழு டயரும் தட்டிப் பாத்துட்டுத்தான் தேத்தண்ணி. லோடும் அளவாத்தான் ஏத்துவேன். கடுகண்ணாவ இறக்கத்துல ரெண்டாவது கியர்தான். பிரேக் சூடேறினா ரிம்மு சூடேறும், ரிம்மு சூடேறினா டியூப்பு போயிரும். பயம். இப்ப எங்கங்க? டீசல் விக்கிற விலைக்கு நாலு மூட்டை கூட ஏத்தினாத்தானே கட்டுப்படியாகுது."

கம்பனி டயர் ஏன் அவ்வளவு நன்றாக உழைத்தது என்பதைத் தன் வாயாலேயே சொல்லி முடித்துவிட்டு, அவர் மறுபடியும் "கம்பனி டயரு கம்பனி டயருதான்" என்றார்.

வீதியில் பேராதனைப் பக்கம் பஸ்கள் உறுமிக்கொண்டு போயின. கடைக்குள் சூடான ரப்பர் வாசம். இங்கிருந்து இரண்டு கட்டைக்குள், மகாவலி வளைந்தோடும் இடத்தில்தான் பேராதனைப் பூங்கா. பிரேசில் விதையிலிருந்து லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த ரப்பர் கன்றுகள் 1876இல் இலங்கைக்குக் கப்பலேறி வந்தபோது பொறுப்பேற்றது அந்தப் பூங்காவின் நிர்வாகம்தான். நட்டது கம்பஹாவுக்குப் பக்கத்து ஹெனரத்கொடையில். பிறகு சோவியத் உதவியோடு களனியில் டயர்த் தொழிற்சாலையே வந்தது. பால் வடிகிற மரமும் இங்கே, டயர் வார்க்கிற அச்சும் இங்கே. அப்படியிருந்தும் 2022இல் டொலர் இல்லாமல் நாடு திண்டாடியபோது டயருக்காக லொறிகள் கட்டைமேல் நின்றன. ஹாஜியாரின் கொப்பி மேசையிலிருந்து நழுவி ஒரு தரம் திறந்துகொண்டபோது அந்த வருடத்துப் பக்கங்களைக் கண்டேன். 'ரீ', 'ரீ', 'ரீ' என்று மேலிருந்து கீழே ஒரே எழுத்து. எல்லாம் ரீபில்ட். தேய்ந்த டயரின் உடம்பு நன்றாக இருந்தால் மேலே புதுத்தோல் ஒட்டி ஓட்டுவது. அதைப் பின்னுக்குத்தான் போடுவார்கள். முன்னுக்குப் போட ஹாஜியார் விடமாட்டாராம்.

நீல லொறிக்கு அன்று முடிவானது இதுதான்: முன்னுக்குப் புதிதாக இரண்டு நைலோன், கழற்றும் இரண்டில் நல்லதைப் பின்னுக்குத் தள்ளுவது, பின்னிலிருந்து ஓர் உடம்பை ரீபில்டுக்கு அனுப்புவது. சம்மட்டியின் இரண்டு அடியில் ரிங் கழன்று துள்ளி விழுந்தது. கடைப் பையன் பிளாப்பை உருவி, உள்ளே கையை விட்டு ஆணி தேடினான். பாஸ் பின்னிரட்டைக்குள் சிக்கியிருந்த கல்லொன்றைத் தட்டி எடுத்து, ஒன்றும் சொல்லாமல் லொறிக்காரரின் கையில் வைத்தார். கோழிமுட்டை அளவு.

"ஸ்பெயாரையும் இறக்கிப் பாருங்க" என்றார் ஹாஜியார்.

"அது வேணாங்க. அது புதுசு."

பாஸ் அதற்குள் லொறிக்கடியில் படுத்துவிட்டார். சங்கிலி கரகரவென்று இறங்கியது. உருட்டி வெளியே கொண்டுவந்த டயர் முழுக்கச் சேறு. பையன் தண்ணீர்க் குழாயைப் பிடித்தான். சேறு கழன்று ஓட, உள்ளிருந்து ஒரு புத்தம்புது டயர் வெளியே வந்தது. பள்ளங்கள் ஆழம் குறையாமல் அப்படியே. முகத்தில் வார்ப்பிலிருந்து வந்த ரப்பர் முடிகள்கூட உதிரவில்லை, பச்சைக் குழந்தையின் தலைமயிர் மாதிரி. பன்னிரண்டு வருடமாகக் கொழும்புக்குப் போய் வந்து, ஒரு நாளும் தரையைத் தொடாத டயர்.

"பாத்தீங்களா?" என்றார் லொறிக்காரர் இளைஞரிடம். குரலில் பெண்ணைப் பெற்றவரின் பெருமை. "இதுதாங்க அந்த ஏழுல மிச்சம்."

பாஸ் பக்கச்சுவரை ஈரத்துணியால் துடைத்து, சோக்கட்டியை எடுத்து, சின்னதாகப் பொறித்திருந்த நான்கு இலக்கங்களைச் சுற்றி வட்டம் போட்டார். 3113. 2013ஆம் வருடத்து முப்பத்தோராவது வாரம். பிறகு இரண்டு பெருவிரலாலும் பக்கச்சுவரை அமுக்கி வளைத்தார். புதிதாய்த் தெரிந்த ரப்பரில் மெல்லிய வெடிப்புகள் வாய் திறந்தன, கோடையில் வயல் வெடித்த மாதிரி. விரலை எடுத்ததும் மூடிக்கொண்டன.

"ஹரி" என்றார் பாஸ். இந்த முறை அதற்கு வேறு அர்த்தம்.

"இத ஓட்ட ஏலா தம்பி" என்றார் ஹாஜியார். கதிரையிலிருந்து எழுந்து வந்துவிட்டார். "ரப்பர் ஓடினாலும் தேயும், ஓடாட்டியும் சாகும். இறக்கத்தில இதப் பூட்டினீங்க எண்டா..."

"ஓட்டவா போறேன் ஹாஜியார். சும்மா கெடக்கட்டுமே."

"சும்மா கிடக்கிறதுக்குப் பேர் ஸ்பெயாரா?"

லொறிக்காரர் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ரப்பர் முடியை நகத்தால் நிமிர்த்தினார். அது மறுபடி சாய்ந்தது. "சோரூம்ல சாவி குடுத்த அன்னிக்கு அப்பாவும் வந்திருந்தாரு" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. வெள்ளை லொறியின் பொலித்தீன் ஆசனத்தை ஒரு தரம் பார்த்தார். "இனிப் புது லொறி எல்லாம் நமக்கு எங்கங்க."

யாரும் பேசவில்லை. பாஸ் கழற்றிய முன்டயரில் மற்றதை ஸ்பெயார் இடத்தில் ஏற்றிச் சங்கிலியை இறுக்கினார். ஏழாவது டயரைப் பையனும் இளைஞரும் தூக்கி லொறிப் பெட்டிக்குள் வைத்தார்கள். லொறிக்காரர் ஏறி, பிளாஸ்டிக் கயிற்றால் அதை நிமிர்த்திக் கட்டினார். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

லொறி பேராதனைப் பக்கம் திரும்பி மறைந்த பிறகு ஹாஜியார் கொப்பியைத் திறந்தார். அன்றைய திகதி, லொறி இலக்கம், புதிய இரண்டின் இலக்கம், எல்லாம் வரிசையாக எழுதினார். கடைசி வரியில் பேனை கொஞ்சம் நின்றது. பிறகு எழுதினார்: '3113, கம்பனி, கழட்டியது, வீட்டுக்கு.' கிலோமீட்டர் பத்தியில் வட்டமாக ஒரு பூச்சியம் போட்டு, மை காய ஊதினார்.