தேங்காயும் பஞ்சும்

திருப்பூரிலிருந்து தாராபுரம் செல்லும் சாலையில் அவிநாசிபாளையத்தைச் சுற்றியுள்ள பகுதியில், தென்னந்தோப்பும் தறிக்குடோனும் அடுத்தடுத்து இருப்பதால், கனமான வஸ்து விழுவதையும் லேசான வஸ்து விழுவதையும் ஒரே நாளில் பார்க்கும் வாய்ப்பு அங்கே எவருக்கும் உண்டு. அறுபதடி மரத்திலிருந்து காம்பு இற்ற நெற்று ஒன்று, ஏறத்தாழ இரண்டே விநாடியில், மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தை எட்டித் தரையில் வந்து அறைகிறது. குடோனுக்குள் சென்றாலோ, ஓடும் தறியிலிருந்து கிளம்பிய பஞ்சுத் தூசி ஜன்னல் வெயிலில் மேலும் கீழுமாக அலைந்து, நெடுநேரம் கழித்துத் தறியின் மேலும் தறி ஓட்டுபவரின் புருவத்தின் மேலும் படிகிறது.

“கனமானது வெரசா வுழுகும், லேசானது மெல்ல வுழுகும், இதுல ஆராய்ச்சி என்னங்க வேண்டிக் கிடக்குது?” என்று தோட்டத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். பிரத்தியட்சத்தை ஆதாரமாகக் கொண்ட கேள்வி அது. கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் தொடங்கி ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் மகா பண்டிதர்கள் பலரும் அவ்வாறே கருதி வந்தார்கள்.

ஒரு ரூபாய் நாணயத்தையும், அதன் விளிம்புக்குள் அடங்கும்படி கத்தரித்த காகிதத் துண்டையும் தனித்தனியே கைவிட்டால், நாணயம் முந்துகிறது; காகிதம் தத்தளித்துப் பிந்துகிறது. அதே காகிதத்தை நாணயத்தின் மேல் ஒட்டாமல் வைத்து, நாணயம் சாயாதபடி கைவிட்டால், இரண்டும் பிரியாமல் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. காகிதத்தின் எடை இதற்குள் கூடிவிடவில்லை. அதற்கு எதிரே நின்ற காற்றை நாணயம் விலக்கிக் கொடுத்தது, அவ்வளவே. கனமான பொருளைப் பூமி அதிக பலத்தோடு இழுப்பது மெய்தான். ஆனால் அதை அசைப்பதற்கும் அதே விகிதத்தில் அதிக பலம் வேண்டியிருப்பதால், ஒன்றுக்கு ஒன்று ஈடாகி, காற்றில்லாத இடத்தில் எல்லாப் பொருளும் சமமாகவே விழுகின்றன. 1971 ஆகஸ்டில் அப்போலோ 15 பயணத்தின்போது, டேவிட் ஸ்காட் சந்திரனில் நின்று ஒரு சுத்தியலையும் ஒரு பறவை இறகையும் ஒரே சமயத்தில் கைவிட, அவை ஒன்றாகவே தரையைத் தொட்டதை உலகம் தொலைக்காட்சியில் கண்டது.

விழும் பொருள் ஒரே வேகத்தில் விழுவதுமில்லை. பாறையைக் குடைந்து வெட்டிய கொங்கு நாட்டு ஆழக் கிணற்றில் ஒரு கல்லைப் போட்டால், அது முதல் விநாடியில் 16 அடியும், அடுத்த விநாடியில் 48 அடியும், மூன்றாம் விநாடியில் 80 அடியும் இறங்குகிறது. ஒன்று, மூன்று, ஐந்து என்ற இந்தக் கணக்கைப் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிலியோ சாய்தளத்தில் குண்டுகளை உருட்டி நிரூபித்தார். கல் நீரைத் தொடும் சத்தம் இரண்டு விநாடியில் கேட்டால் நீர்மட்டம் ஏறத்தாழ 64 அடியில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். இந்த ஈர்ப்பு பூமியெங்கும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருப்பதுமில்லை. பூமி சுழல்வதாலும், நடுவில் சற்றுப் புடைத்திருப்பதாலும், நம் பக்கத்தில் துருவத்தைவிடச் சற்றுக் குறைவு. 1821-ல் சென்னை வானாய்வுக் கூடத்தில் ஜான் கோல்டிங்காம் ஓர் ஊசலை ஆடவிட்டு, அதன் அசைவுகளை எண்ணி, இந்நகரத்து ஈர்ப்பை நுட்பமாக அளந்தார்.

ஆகாசத்தில் ஈர்ப்பே இல்லை என்று பலர் நம்புகிறார்கள். 1984-ல் ராகேஷ் சர்மாவும், 2025-ல் சுபான்ஷு சுக்லாவும் விண்கலத்தினுள் மிதந்ததைக் கண்டவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்திலும் பூமியின் ஈர்ப்பில் பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. அந்த நிலையம் ஒவ்வொரு விநாடியும் ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் முன்னே பாய்ந்து, நாலரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கீழே விழுகிறது. அதற்குள் பூமியின் உருண்டையும் அவ்வளவே வளைந்து விலகிவிடுவதால், தரை கிட்டுவதில்லை. கலமும் மனிதரும் அவர் கைவிட்ட பேனாவும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால், யாருக்கும் விழுவதாகத் தெரிவதில்லை.

காற்றற்ற சந்திரனில் பாராசூட் உதவாது. ஆகவே 2023 ஆகஸ்ட் 23 அன்று மாலை, விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான் 3-இன் லேண்டர், இயந்திர விசையால் மட்டுமே தன் வீழ்ச்சியைத் தடுத்து மெல்ல இறங்கியது. அந்த ஆயத்தத்தில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. சந்திரனின் மண்ணை ஒத்த மண்ணைச் சோதனைக்காகத் தயாரிக்க, காவிரிக்கு அப்பால் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளே பயன்பட்டன.

கண் கண்டது பொய்யன்று. கண்ட காட்சியில் ஈர்ப்பும் காற்றும் கலந்திருந்தன, அவற்றைப் பிரித்தறிவதே விஞ்ஞானம். ஆகவே ஆசிரியர்களையும் பெற்றோரையும் நான் வேண்டிக்கொள்வது ஒன்றே: சூத்திரத்தை மனனம் செய்யச் சொல்வதற்கு முன், ஒரு நாணயத்தையும் ஒரு காகிதத் துண்டையும் குழந்தையின் கையில் கொடுங்கள். “ஏன்?” என்று அது தானாகக் கேட்ட பிறகு, காற்றைப் பற்றிச் சொல்லுங்கள்.