கோதுமைக்கும் அரிசிக்கும் நடுவே ஒரு மலை

சீன உணவு என்றவுடன் நம்மவர் நினைவில் எழுவன இரண்டே பண்டங்கள். ஒன்று ஃப்ரைட் ரைஸ், மற்றொன்று மஞ்சூரியன். இவற்றுள் பின்னதைச் சீனர் அறியார். 1975-ஆம் ஆண்டில் பம்பாயில் நெல்சன் வாங் என்னும் சமையற்கலைஞர் ஆக்கிய புதுப்பண்டம் அது என்பர். இத்துணை அறிவோடுதான் நாங்கள் நால்வரும் சீனப் பயணத்துக்குப் புறப்பட்டோம். எங்களுள் மூத்தவரான அத்தையோ எழுபதைக் கடந்தவர். இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல், எலுமிச்சை ஊறுகாய் என ஒரு பை நிறையக் கட்டிக்கொண்டுதான் அவர் வீட்டுப்படி இறங்கினார். “ஊர் பார்க்கத்தான் வருகிறேன், சாப்பிட அல்ல” என்று முன்னரே சொல்லிவிட்டார்.

முதலில் சென்றது சியான் நகரம். 1974-ஆம் ஆண்டில் கிணறு தோண்டிய உழவர்கள் கண்டெடுத்த சுடுமண் படைவீரர்களைக் காணவே உலகம் அங்குத் திரள்கிறது. நாங்களும் கண்டோம், வியந்தோம். ஆனால் எங்கள் நினைவில் ஆழமாகத் தங்கியது, பழைய பள்ளிவாசலை அடுத்த முஸ்லிம் தெருக்களில் ஓர் உணவகத்து மேசைதான்.

அங்கே நாங்கள் கேட்டது ‘பாவ்மோ’ என்னும் ஆட்டிறைச்சிச் சாறு. வந்ததோ, ஆளுக்கொரு வெறுங்கிண்ணமும் கெட்டியான வட்ட ரொட்டியும்! ரொட்டியை உண்பவரே தம் கையால் பிய்த்துக் கிண்ணத்தில் இடவேண்டும். அதன் பின்னரே கிண்ணம் அடுக்களைக்குச் செல்லும். அடையாளம் மாறாதிருக்க ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஓர் எண்வில்லை உண்டு. நாங்கள் பசி மிகுதியால் பெரிய பெரிய துண்டுகளாகப் பிய்த்துப் போட்டோம். எதிரே அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் அதைக் கண்டு தலையசைத்தார். தம் கிண்ணத்தை எங்கள் பக்கம் சாய்த்துக் காட்டினார். அதிலிருந்த துணுக்குகள் கொண்டைக்கடலையினும் சிறியவை. பெரிய துண்டின் உள்ளே சாறு ஏறாது என்பதை அவர் விரல்களாலேயே விளக்கினார்.

எங்களுக்குப் பொறுமை இல்லை, அத்தைக்கு இருந்தது. உண்பதில்லை என்றிருந்தவர் எங்கள் நால்வர் கிண்ணத்தையும் தம் முன் இழுத்துக்கொண்டு, கீரை ஆய்பவரைப் போல் அரைமணி நேரம் ரொட்டியைக் கிள்ளிக்கொண்டிருந்தார். முதியவரும் அவரும் ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை. இருவர் விரல்களும் ஒரே வேகத்தில் இயங்கின. பிறகு கிண்ணங்கள் கொதிக்கும் சாறும் இறைச்சியும் கண்ணாடிச் சேமியாவும் நிறைந்து திரும்பி வந்தன. கிண்ணத்தைக் கலக்காமல் ஓர் ஓரத்திலிருந்து சிறிது சிறிதாக உண்பதே முறை. இடையிடையே இனிப்புக் காடியில் ஊறிய பூண்டுப்பல் ஒன்றைக் கடித்துக்கொள்ள வேண்டும். நாங்கள் உண்டோம். அத்தை இரண்டு கரண்டிச் சாற்றோடு நிறுத்திக்கொண்டு ஊறுகாய்ப் புட்டியைத் திறந்தார். முதியவருக்கும் ஒரு துண்டு கொடுத்தார். அவர் முகம் போன போக்கை எழுதாமல் விடுவதே நாகரிகம்.

சியானில் அரைக்கச்சை அகலத்துக்கு இழுத்த ‘பியாங்பியாங்’ நூடுல்ஸும் உண்டு. அப்பெயரை எழுதும் சித்திர எழுத்துக்கு ஐம்பதுக்கு மேற்பட்ட கீற்றுகளாம்! இங்கு எல்லாம் கோதுமைதான். மூன்று நாளில் எங்கள் நாக்கு சோற்றுக்கு ஏங்கத் தொடங்கியது.

இதற்குக் காரணம் ஒரு மலை. சியானுக்குத் தெற்கே சின்லிங் மலைத்தொடர் மதில்போல் நிற்கிறது. அதன் தைபாய் சிகரம் 3,700 மீட்டருக்கும் உயர்ந்தது. வடதிசைக் குளிர்காற்றை அது தடுக்கிறது. தெற்கிலிருந்து வரும் ஈரக்காற்றையும் தடுக்கிறது. ஆகவே மலைக்கு வடக்கே கோதுமை, தெற்கே நெல். 2017 டிசம்பரில் திறக்கப்பட்ட அதிவேக இரயில் பாதை இம்மலையைக் குடைந்தே செல்கிறது. ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். சுரங்கம் முடிந்தது என்று நிமிர்ந்தால் அடுத்த சுரங்கம். கடைசியில் வெளிச்சம் நிலைத்தபோது வெளியே கண்டவை நெல்வயல்கள். அத்தை முதன்முறையாகச் சன்னலோரம் நகர்ந்து அமர்ந்தார்.

நாங்கள் இறங்கிய செங்டு, சிச்சுவான் மாநிலத்தின் தலைநகர். மூட்டம் நீங்காத ஈரமான ஊர். உடலில் ஏறிய ஈரத்தை மிளகாய் விரட்டும் என்பது அவ்வூரார் நம்பிக்கை. அம்மிளகாயோ நமக்கும் அவர்களுக்கும் ஒரே தாய்வீட்டிலிருந்து, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. 1591-ஆம் ஆண்டுச் சீன நூலொன்று அதனை அழகுக்கு வளர்க்கும் செடியாகவே குறிக்கிறது; அடுக்களைக்குள் அது நுழைந்தது பின்னர்தான். மிளகாயுடன் அங்குச் சேரும் மற்றொன்று ‘ஹுவாஜியாவ்’ என்னும் சிறு காய். அதில் இருப்பது காரம் அன்று. உதடும் நாவும் மரத்துச் சிறுசிறுவென்று அதிரும். கொங்கணக் கரையில் மீன்குழம்பில் இடும் தெப்பள் காய் இதற்கு நெருங்கிய உறவு.

இவ்விரண்டும் கூடிய ‘மாப்போ டோஃபு’வை உண்ணாமல் செங்டுவை விட்டு வரலாகாது. சோயாப் பாலைத் திரித்து இறுக்கிய, பன்னீரினும் மெல்லிய வெண்கட்டிகளை, கொத்திய மாட்டிறைச்சியோடும் மிளகாயும் அவரையும் சேர்த்துப் புளிக்கவைத்த விழுதோடும் எண்ணெய் மிதக்கச் சமைப்பது அது. கட்டி ஒன்றும் உடையாமல் கொதிக்க விடுவதில்தான் கைத்திறம் இருக்கிறது.

பெயரின் பொருளை எங்கள் வழிகாட்டிப் பெண்ணிடம் கேட்டோம். அவள் அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள். ஆறு வயதில் கண்ட பெரியம்மையின் வடுக்கள் அத்தையின் இரு கன்னங்களிலும் உண்டு. திருமணம் தள்ளிப்போய்ப் பின் நடக்காமலே போனதற்கு அதுவே காரணமென வீட்டில் அனைவரும் அறிவோம், பேசுவதில்லை. “சொல் அம்மா” என்றார் அத்தை.

‘மா’ என்றால் அம்மை வடு, ‘போ’ என்றால் முதியவள் என்றாள் அவள். 1862-ஆம் ஆண்டில் நகரின் வடக்கே ஒரு பாலத்தருகில் சென் என்பவரின் மனைவி உணவுக்கடை நடத்தினாளாம். எண்ணெய் சுமந்து செல்லும் கூலியாட்கள் தம் எண்ணெயில் சிறிது கொடுத்துச் சமைத்துத் தரச் சொல்வார்களாம். அவள் முகத்து வடுவே கறிக்குப் பெயராகிவிட்டது. நாக்கு மரத்துப் போவதற்கும் அதே ‘மா’ என்னும் எழுத்துதானாம்.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. வெண்சோற்றைத் தம் கிண்ணத்தில் இட்டு, அதன்மேல் அந்தச் சிவந்த கறியை ஊற்றி, கரண்டியால் பிசைந்து உண்டார். மீண்டும் சோறு கேட்டார். ஊறுகாய்ப் பை மேசைக்கடியிலேயே இருந்தது.

கைகழுவி வந்த பின், “அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்ன?” என்று கேட்டார். வழிகாட்டிப் பெண் கடைக்காரரிடம் சென்று விசாரித்தாள். அவர் சிரித்தபடி வாசற்பலகையைச் சுட்டினார். அதில் இருந்தவை கணவன் குடிப்பெயரும் வடுவும்தான்.

அத்தை அந்த மிளகாய் விழுதில் இரண்டு பொட்டலம் வாங்கிப் பையில் வைத்தார். இடம் போதவில்லை, புளிக்காய்ச்சலை எடுத்து அப்பெண்ணின் கையில் கொடுத்தார்.