சாவி கையில், என்ஜின் ஓட்டத்தில்

காலை எட்டு மணி. காவேரிப்பாக்கத்தில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. எதிரே டீக்கடை. கடை பெஞ்சில் உட்கார்ந்தால் கொட்டகையின் உட்புறம் முழுவதும் தெரிகிறது. சுவரில் அளவு வரிசையில் மாட்டிய ஸ்பேனர்கள், எண்ணெய் ஊறிய மர மேசை, மூலையில் பனியன் வேஸ்ட் மூட்டை.

வெண்ணெய் நிறத்தில் பழைய பென்ஸ் ஒன்று வந்து நிற்கிறது. பின்புறம் '300டி' என்ற எழுத்துகள் பாதி மங்கியிருக்கின்றன. இறங்குகிறவர் அறுபதைக் கடந்தவர். வெள்ளை ஜிப்பா, வலைத் தொப்பி. தோல் மண்டியில் கழிந்த வாழ்க்கை என்பது அவர் பேச்சில் தெரிகிறது. சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு கதவைச் சாத்துகிறார். வண்டி மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது.

மேஸ்திரிக்கு ஐம்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு. பானெட்டைத் தூக்கி, என்ஜின் பக்கவாட்டில் இருக்கும் சிறு லீவரை அழுத்துகிறார். என்ஜின் ஒரு குலுங்கு குலுங்கி அடங்குகிறது.

"எத்தன நாளா இப்படி, பாய்?"

"ரெண்டு மாசமாச்சு தம்பி. டீசல் பம்பையே பிரிக்கணும்னு சொல்லிட்டாங்க. பெரிய செலவாம்."

மேஸ்திரி பம்பைப் பார்க்கவில்லை. வண்டியை ஒரு சுற்று சுற்றி வருகிறார். நான்கு கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து சாத்துகிறார்.

"டோர் லாக் எல்லாம் ஒண்ணா விழுதா?"

பாய் யோசிக்கிறார். "முன்னாடி விழும். இப்ப இல்ல. அது கெட்டுப் போய் ரொம்ப நாளாச்சு. அதுக்கும் இதுக்கும் என்ன தம்பி?"

மேஸ்திரி பதில் சொல்லவில்லை. பிரேக்கை நாலு முறை மிதித்துப் பார்த்துத் தலையசைக்கிறார்.

டபிள்யூ 123 என்ற இந்த வரிசைக் கார்கள் 1976 முதல் சுமார் பத்தாண்டு ஜெர்மனியில் உருவானவை. மொத்தம் சுமார் 27 லட்சம். பென்ஸ் கார்களை இந்தியாவில், புணேயில், பூட்டத் தொடங்கியதே 1995இல்தான். ஆகவே இங்கே ஓடும் 123 ஒவ்வொன்றும் கப்பலில் வந்து இறங்கியது. இதன் டீசல் என்ஜினை நிறுத்துவது மின்சாரம் இல்லை. வெற்றிடம். மெக்கானிக்குகள் சொல்வதுபோல, வேக்கம். பெட்ரோல் என்ஜின் உறிஞ்சும்போது வேக்கம் தானாகக் கிடைக்கும். டீசலில் அப்படிக் கிடைக்காது. அதனால் என்ஜின் முன்புறத்தில் அதற்கென்று ஒரு பம்ப். பிரேக்கைக் கால் நோகாமல் பிடிக்க வைப்பது அந்த வேக்கம். கதவுகளை ஒன்றாகப் பூட்டுவதும் அதுதான். சாவியைத் திருப்பியதும் ஒரு குழாய் வழியாகப் போய் டீசலை அடைத்து என்ஜினை நிறுத்துவதும் அதுவே. ஓரிடத்தில் ஒழுகினால் இன்னோர் இடத்தில் வேலை கெடும்.

காவேரிப்பாக்கத்துக்காரருக்கு இது புரியாத கணக்கல்ல. வாலாஜாபேட்டை அருகே பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாயில் தண்ணீர் வாங்கி நிரம்பும் பெரிய ஏரி இவ்வூர் ஏரி. கடைமடை வயல் காய்ந்தால் நீர்க்கட்டி ஏரியைக் குறை சொல்ல மாட்டார். மதகிலிருந்து இறங்கி, வாய்க்கால் வழியே நடந்து, உடைப்பைத் தேடுவார். மேஸ்திரியும் அப்படித்தான் நடக்கிறார்.

பிரேக் சரியாகப் பிடிக்கிறது. அப்படியானால் வேக்கம் பம்பில் குறை இல்லை. அடுத்து, கதவுகளுக்குப் பிரியும் மெல்லிய குழாயைக் கழற்றி, வாயை ஒரு திருகாணியால் அடைக்கிறார். "ஸ்டார்ட் பண்ணுங்க பாய்." ஓடுகிறது. "ஆஃப் பண்ணுங்க." சாவியைத் திருப்பிய கணமே என்ஜின் நிற்கிறது. பாய் மீண்டும் ஸ்டார்ட் செய்கிறார், நிறுத்துகிறார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

டீசல் பம்பில் கோளாறே இல்லை. பத்து நிமிடத்தில், ஒரு ரூபாய் சாமான் மாற்றாமல், அது தெரிந்துவிட்டது.

பாதி வேலைதான் முடிந்தது. ஓட்டுநர் கதவுப் பூட்டில் ஒரு வால்வு. மற்ற மூன்று கதவுகள், டிக்கி, டீசல் மூடி ஒவ்வொன்றிலும் ரப்பர் டயாப்ரம் வைத்த சிறு டப்பா. மேஸ்திரி ஒவ்வொரு குழாயாகப் பிரித்து, வாயில் வைத்து உறிஞ்சி, முனையை நாக்கால் மூடுகிறார். ஒழுகாத குழாய் நாக்கைப் பிடித்துக்கொள்கிறது. ஒழுகுகிற குழாய் விட்டுவிடுகிறது. இடது பின்கதவுக் குழாய் நாக்கைப் பிடிக்கவில்லை. கதவின் உள்பலகையைக் கிளிப் உடையாமல் கழற்றுகிறார். டப்பாவின் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கிறது. அந்தக் குழாயை மட்டும் அடைத்துவிட்டு மற்றவற்றைச் சேர்க்கிறார். மற்ற கதவுகள் 'டப்'பென்று ஒன்றாகப் பூட்டிக்கொள்கின்றன.

"சென்னை புதுப்பேட்டை சாமான் கடையில சொல்லி வைக்கிறேன். டப்பா கிடைச்சதும் இதையும் மாட்டிடலாம். அதுவரைக்கும் இந்த ஒரு கதவைக் கையால பூட்டுங்க."

போகிற போக்கில் பாய் வேறு குறைகளையும் சொல்கிறார். வைப்பர் சில நாள் ஓடுகிறது, சில நாள் ஓடுவதில்லை. மேஸ்திரி பியூஸ் பெட்டியைத் திறக்கிறார். இரு முனையும் கூம்பிய பழைய மாதிரி பியூஸ்கள். அலுமினியப் பட்டை வைத்தவை காலப்போக்கில் முனையில் வெள்ளை பூத்துக் கரண்டைத் தடுத்துவிடும். ஒவ்வொன்றையும் விரலால் உருட்டுகிறார். வைப்பர் எழுந்து ஓடுகிறது. முனைகளை எமரித் தாளால் தேய்த்துவிட்டு, செம்புப் பட்டை வைத்தவை வாங்கி மாற்றச் சொல்கிறார்.

காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதம், ஹீட்டர் பிளக் எல்லாம் புதிதாக மாற்றியும் பயனில்லை என்கிறார் பாய். அதற்கு மேஸ்திரி கை வைக்கவில்லை. இந்த என்ஜினில் வால்வுகளுக்கு இடைவெளியைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். என்ஜின் ஆறியிருக்கும்போது உள்வால்வுக்கு 0.10 மில்லிமீட்டர், புகைவால்வுக்கு 0.30. இடைவெளி குறைந்துபோனால் வால்வு முழுதாக மூடாது, அழுத்தம் சேராது, குளிர்ந்த என்ஜின் பற்ற மறுக்கும். இரண்டு 14 நம்பர் ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் போதும்.

"இப்ப சூடா இருக்கு. ராத்திரி இங்கயே நிக்கட்டும். விடியக்காலம் பார்க்கிறேன்."

பாய் சம்மதிக்கிறார். டீ வருகிறது. அப்பா காலத்து வண்டி என்கிறார். கிழிந்த பழைய இருக்கை உறையை எடுத்துவிட்டுத் தங்கள் மண்டித் தோலையே போட்டுத் தைத்திருக்கிறார்; உட்காருமிடத்தை உள்ளங்கையால் தடவிக் காட்டுகிறார். 15 வருடம் தாண்டிய வெளிநாட்டுக் காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 40 ஆயிரமாக உயர்ந்தபோது, வீட்டுப் பிள்ளைகள் விற்றுவிடச் சொன்னார்களாம். அவர் மனம் கேட்கவில்லை.

மேஸ்திரி கையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறார். அன்றைய கூலியாக அவர் சொன்ன தொகையைப் பாய் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொள்கிறார். அவ்வளவு குறைவு. பாய் கூடுதலாக நீட்டுகிறார். மேஸ்திரி தன் கணக்குக்கு உரியதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்.

இந்த மனிதரின் வித்தை ஒன்றுதான். சந்தேகம் வந்த சாமானை மாற்றிப் பார்ப்பதில்லை; குற்றம் இல்லாதவற்றை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்து, மிஞ்சுவதில் கை வைக்கிறார். மலிவான சோதனை முதலில், செலவு வைக்கும் சோதனை கடைசியில். பெரிய கார்கள் பல, நோயால் சாகவில்லை. தவறாகக் கணித்த வைத்தியத்தால்தான் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. மாற்ற வேண்டாத பம்பை மாற்றிப் பணம் கரைந்த பிறகு, நூறு ரூபாய் ரப்பருக்குச் செலவழிக்க உரிமையாளருக்கு மனம் வருவதில்லை.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கதவு பூட்டவில்லை, வைப்பர் தயங்குகிறது என்பவற்றைச் சின்ன விஷயம் என்று மறைக்காதீர்கள். எல்லாவற்றையும் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். பெரிய சாமான் ஒன்றை மாற்றச் சொன்னால், அதில்தான் கோளாறு என்று எப்படிக் கண்டார் என்று கேளுங்கள். சோதித்த விதத்தைச் சொல்லத் தெரிந்தவரிடம் மட்டும் சாவியைக் கொடுங்கள்.