கண்ணுக்குத் தெரியாத அடையாளம்

2024 நவம்பர் கடைசியில் நம்ம நாகப்பட்டினம் மாவட்டத்தில் பெய்த மழை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடம் லீவு என்று நிறைய பேர் சந்தோஷப்பட்டோம். எங்கள் வீட்டில் மட்டும் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. குத்தகைக்கு எடுத்து நட்ட மூன்று மா சம்பாவும் தண்ணீருக்குள் இருந்தது.

எட்டு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்தது. எங்கள் பயிரைத் தொட்டால் அழுகிக் கையோடு வந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் பெரியப்பா வயல். அங்கேயும் அதே தண்ணீர்தான். ஆனால் சில நாளில் அந்தப் பயிர் புதுக் குருத்து விட்டது.

இரண்டு வயலிலும் போட்டது வெள்ளம் தாங்கும் சி.ஆர். 1009 சப் 1 என்றுதான் அப்பா நினைத்திருந்தார்கள். எங்கள் விதை மட்டும் தெரிந்தவர் ஒருவரிடம் வாங்கியது. "நெல்லும் அதே மாதிரி, நாத்தும் அதே மாதிரி. எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?" என்று அப்பா என்னிடம் கேட்டார்கள். அம்மாவின் தோடு அப்போது அடகில் இருந்தது.

அப்பா கேட்டதை அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். டீச்சர் முதலில் மஞ்சளைப் பற்றிச் சொன்னார். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் அல்லவா? அது மஞ்சளில் உள்ள குர்குமின் காட்டும் அடையாளம். அதுபோல வேதிப்பொருள் அடையாளமாவது உண்டு. சில அடையாளம் டி.என்.ஏ.வுக்குள் ஒளிந்திருக்கும்.

ஒடிசாவில் எஃப்.ஆர். 13ஏ என்று ஒரு நெல் உண்டு. இரண்டு வாரம் வரை முழுகிக் கிடந்தாலும் பிழைக்கும். சாதாரண நெல் முழுகினால் மேலே வரவேண்டும் என்று அவசரமாக வளரும். இருந்த சத்தெல்லாம் தீர்ந்து செத்துவிடும். ஆனால் இந்த நெல் வளராமல் சும்மா இருந்து சத்தை மிச்சம் பிடிக்கும். தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும். இதற்குக் காரணம் 9ஆவது குரோமோசோமில் உள்ள சப்1ஏ மரபணு என்று 2006இல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள்.

அந்த நெல்லின் குணத்தை நல்ல மகசூல் தரும் நெல்லில் கொண்டுவர, ஒட்டுச் சேர்த்தார்கள். பிறந்த நாற்றில் எதற்கு அந்தக் குணம் வந்தது என்று கண்ணால் தெரியாது. அதனால் இலையில் ஒரு துண்டு கிள்ளி டி.என்.ஏ. எடுப்பார்கள். அடையாளமுள்ள இடத்தை மட்டும் இயந்திரத்தில் பல மடங்கு பெருக்கி, கூழ் போன்ற பலகையில் மின்சாரம் விட்டுப் பார்ப்பார்கள். எந்த இடத்தில் கோடு விழுகிறது என்பதை வைத்துக் குணம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். ஆட்டுக்குக் காதில் வெட்டு வைக்கிற மாதிரிதான். ஆனால் இது யாரும் வைத்தது இல்லை, பயிரோடு பிறந்தது. இப்படித் தேர்ந்தெடுத்த சுவர்ணா சப் 1 நம் நாட்டில் 2009இல் வெளியானது.

"எங்க அப்பா இலையை எங்கே கொண்டுபோவாங்க டீச்சர்?" என்றேன். "மூட்டையில் நீல அட்டை இருந்ததா?" என்று கேட்டார். சான்று பெற்ற விதையில் நீல அட்டை தைத்திருப்பார்களாம். எங்கள் மூட்டையில் அட்டையும் இல்லை, ரசீதும் இல்லை.

அடுத்த சம்பாவுக்கு அப்பா அட்டை பார்த்துத்தான் விதை வாங்கினார்கள். ரசீதை டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறோம். அட்டை என் அறிவியல் நோட்டில் இருக்கிறது.

நண்பர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் அப்பாவிடம் நீல அட்டையைப் பற்றிக் கேளுங்கள். நான் நன்றாகப் படித்து விதை சோதிக்கும் வேலைக்குப் போவேன். அப்போது நம்ம ஊர் இலையை நானே சோதித்துச் சொல்வேன்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி