கயிறு பிடித்த கை

2023 அக்டோபர் இறுதியில் மும்பைச் சாலைகளிலிருந்து கடைசி பிரீமியர் பத்மினி டாக்ஸி ஓய்வுபெற்றது. பலர் அந்தச் செய்தியை ஏக்கத்தோடு பகிர்ந்துகொண்டார்கள். கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த சென்னை புதுப்பேட்டையில் அதற்கு வேறு அர்த்தம். "டாக்ஸி ஓடின வரைக்கும் அந்த ஃபியட்டுக்குக் கண்ணாடி ரப்பர் ரோல் ரோலா வந்துச்சு சார். ஷோவுக்கு வெச்சிருக்கிற நாலு வண்டிக்காக எவன் டை போட்டு ஓட்டுவான்?" என்றார் பாய். சோப்புத் தண்ணீர் வாளி தூக்கும் பையனாக இந்தத் தொழிலுக்கு வந்தவர். இன்று பழைய கார்களுக்கு முன்கண்ணாடி ஏற்ற வேண்டுமென்றால் கராஜ்காரர்கள் இவரைத்தான் தேடுகிறார்கள்.

என்னை அழைத்துப்போன நண்பரிடம் இருப்பது ஃபியட் 1100 டிலைட். பத்மினி என்ற பெயர் வருவதற்கு முன், 1964 முதல் பம்பாயில் தயாரான வண்டி. மழை பெய்தால் ஓட்டுபவரின் காலில் நீர் சொட்டும். பாய் முன்கண்ணாடியைச் சுற்றியிருந்த பழைய ரப்பரைக் கத்தியால் கீறினார். வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் தின்ற ரப்பர் அப்பளம்போல் நொறுங்கி வந்தது. அதன் கீழே, கண்ணாடி உட்காரும் தகட்டு விளிம்பு இரண்டு கீழ் மூலைகளிலும் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. ரப்பருக்குள் புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் அங்கேதான் தேங்கும். டிங்கரிங், பிரைமர், பெயின்ட் எல்லாம் முடிந்தபின் கண்ணாடி ஏற்றும் நாளன்று மறுபடி போனேன்.

புது ரப்பரில் இரண்டு பள்ளங்கள். ஒன்று கண்ணாடியைக் கவ்வும், மற்றது தகட்டைக் கவ்வும். கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டிய பாய், அளவைவிடச் சற்றே நீளமாக விட்டு வெட்டினார். "இழுத்து மாட்டினா இன்னைக்கு அழகா உக்காரும். நாளாக ஆகச் சுருங்கி, ஜாயின்ட் வாயைத் தொறந்துடும். நெருக்கித்தான் வைக்கணும்."

பிறகு கயிறு. மெல்லிய நைலான் கயிற்றைத் தகட்டுப் பள்ளத்துக்குள் சுற்றிலும் பதித்து, இரு முனைகளையும் கீழே நடுவில் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி விட்டார். சோப்புத் தண்ணீர் தடவினார். எண்ணெயோ கிரீஸோ கூடாது, ரப்பர் ஊதிவிடும். வெளியிலிருந்து இருவர் கண்ணாடியைப் பொருத்தி உள்ளங்கையால் அழுத்த, பாய் உள்ளே அமர்ந்து கயிற்றை இழுத்தார். கயிறு வரவர ரப்பரின் உள் உதடு தகட்டைத் தாண்டிப் புரண்டு உள்ளே விழுந்தது.

நேர்ப்பகுதி எவருக்கும் வரும். மூலையில்தான் கண்ணாடி உடையும். அங்கே பாய் இழுப்பதை நிறுத்திவிட்டு, வெளியே நிற்பவரிடம் "தட்டு... மேலே இல்ல, ஓரத்துல... போதும்" என்று சொல்லிக்கொண்டே விரல் விரலாகக் கயிற்றை எடுத்தார். எந்த இடத்தில் தகடு எதிர்க்கிறது என்பது கயிற்றின் வழியே அவர் விரலுக்குத் தெரிகிறது. இழுக்கும் கோணம் கண்ணாடியின் வளைவுக்கேற்ப மாறிக்கொண்டே இருந்தது. இதை அளந்து எழுதிவைத்த கையேடு எதுவும் அவரிடம் இல்லை. குரோம் பட்டையும் சீலன்ட்டும் அதன்பின் விரைவாகவே முடிந்தன.

பில்லைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. கண்ணாடி ரப்பர் மாற்றியதற்கு ஒரே வரி, ஒரே தொகை. ரப்பர் கிடைப்பதே அரிது என்று சொல்லிக் கடைக்காரர் வைத்த விலை அதில் இருக்கிறது, கராஜின் பங்கு இருக்கிறது. பாயின் கூலி எது என்று காரின் சொந்தக்காரருக்குத் தெரியாது. கண்ணாடி விரிசல் விட்டால் மட்டும் இழப்பு அந்தக் கூலியில் கழியும். பழைய கார்மீது உயிரையே வைத்திருக்கிறோம் என்பவர்கள், அதை மழையில் காப்பாற்றுகிற கைக்கு என்ன போய்ச் சேர்கிறது என்று கேட்க வேண்டாமா? பொருளுக்கும் கூலிக்கும் தனித்தனி வரி எழுதுவதில் என்ன சிரமம்?

வெளியே அழுத்திய இருவரில் ஒருவர் பாயின் தங்கை மகன். புதுக் கார்களில் கண்ணாடியைப் பசை போட்டே ஒட்டுகிறார்கள், கயிற்றுக்கு வேலையில்லை. அவர் அந்த வேலைக்குப் போகிறார், மாதச் சம்பளம். "போகட்டும் சார், நான்தான் சேத்துவிட்டேன்" என்றார் பாய்.

நண்பரின் பின்கண்ணாடிக்கும் ரப்பர் மாற்ற வேண்டியிருக்கிறது. இந்த முறை பாயிடமே நேராகப் பேசிவிட்டார். கூலியைப் பாய்தான் சொல்லப்போகிறார்.