பயமில்லாத சத்தம்!

எங்க ஊர் சிவகாசி பக்கம் நாரணாபுரம். 'டமார்'னு கேட்டா, எந்த ஆலையோனு பதறி ஓடுவோம். செமஸ்டர் லீவுல சென்னை பக்கத்துல இருக்கிற கோவளம் போனேன். முதல் அலை உடைஞ்ச சத்தத்துக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு! ஆனா, மீனவக் குடும்பத்துப் பசங்க அதே அலை மேல பலகை போட்டு ஜாலியா நிக்கிறாங்க. மீனவரான மூர்த்தி மேகவன் 2012-ல் தொடங்கிய சர்ஃபிங் பள்ளி தந்த தைரியம் அது. பக்கத்து மாமல்லபுரத்தில்தான் 2025 ஆகஸ்ட்டில் ஆசிய சர்ஃபிங் போட்டி நடந்து, ரமேஷ் புதிஹால் வெண்கலம் ஜெயிச்சார்.

நானும் ஏறினேன். எட்டு தடவை குப்புற விழுந்து, ஒன்பதாவதில் மூணு செகண்ட் நின்னேன்!

ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டு, அலைச் சத்தத்தைக் கேட்க வெச்சேன். பட்டாசு ஆலையில வேலை பார்க்கிறவங்க. "இவ்ளோ சத்தத்துல பயமா இல்லையாடா?"னாங்க. தீபாவளி முடிஞ்சு ஆலை மூடுற லீவுல அவங்களைக் கூட்டிட்டு வரணும். அப்போ மழைக்காலம், கடல்ல இறங்க முடியாதுதான். கரையில நின்னு கேட்டாலே போதும். நீங்களும் உங்க அம்மாவோட வாங்களேன்!