கரை இருந்த இடம்

தோஹாவில் என் அறைக்குக் கிட்டத்தான் கடல். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் போய் உட்காருவேன். விளக்குகள், ஈச்ச மரங்கள், கழுவித் துடைத்த நடைபாதை, எல்லாம் இருக்கின்றன. அலை இல்லை. தாம்பாளத்தில் ஊற்றி வைத்தது போலத் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. ஒலுவிலில் பிறந்தவனுக்கு அதைக் கடல் என்று சொல்ல நா எழும்புவதில்லை.

எங்கள் ஊரில் கடலைக் கண்ணால் காண முதல் காதால் கேட்போம். மாரியில் வாடைக்காற்று அந்த இரைச்சலை ரோட்டடி வரைக்கும் கொண்டு வரும். சுபஹு பாங்கு சொல்லி முடிய, அலைச் சத்தத்துக்கு மேலாக மூத்தம்மாவின் குரல்: "மனே, எழும்பு, வலை இழுக்கிறாங்களாம்." கரைவலைக் கயிற்றின் கடைசி நுனியைப் பிடித்து இழுத்தாலும் போதும், சின்னப் பிள்ளைகளுக்கும் ஒரு பிடி நெத்தலி கிடைக்கும். மடி கரையேறும்போது எல்லோர் பேச்சும் ஒரு கணம் நிற்கும். பிறகு வெள்ளித் துடிப்பு. கூவல். அந்த நெத்தலியில் உம்மா வைத்த ஆணம்.

ஊர் சிறியது. வடக்கே களியோடைப் பாலம் தாண்டினால் அட்டப்பள்ளம், நிந்தவூர், தெற்கே பாலமுனை. கிழக்கே கடலும் மேற்கே வயல் வட்டையும் இருக்க, நடுவே கல்முனையையும் அக்கரைப்பற்றையும் இணைக்கும் ரோட்டு. கல்லோயாத் தண்ணீர் பாயும் வட்டைக்கு அப்பால், பழைய தீகவாபித் தாதுகோபம். சோறு மேற்கிலிருந்தும் கறி கிழக்கிலிருந்தும் வந்தன. இதற்கு மேல் பூகோளம் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் குடி தாய்வழியே வரும். வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. ஆண்கள் கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போகிறவர்கள். என் உம்மாவின் வீடு தங்கச்சிக்குப் போனது. அதுதான் முறை, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பிறந்த வீட்டைவிட்டுப் போகப் பிறந்த எங்களுக்கு, யாருக்கும் எழுதிக் கொடுக்காத அந்தக் கரை மணல்தான் சொந்த நிலம் போல இருந்தது. பரீட்சையில் தவறியவன் போய் உட்கார்ந்த இடம். வாப்பாவை அடக்கிவிட்டு வந்த இரவு, நான் போய் உட்கார்ந்த இடம்.

2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஊர்களுக்குள் வந்தது. இலங்கையிலேயே அதிகம் பேரை இழந்தது அம்பாறை மாவட்டம். அந்த நாளைப் பற்றி நான் எழுத மாட்டேன். அப்போதும் கரை மிஞ்சியது என்று மட்டும் சொல்கிறேன். வந்த கடல் திரும்பிப் போனது. அழுத கண்ணோடு அதே மணலில்தான் திரும்பவும் தோணி தள்ளினார்கள்.

துறைமுகத்துக்காக ஊர் ஆசைப்பட்டுக் காத்திருந்தது. எம்.எச்.எம். அஷ்ரஃப் துறைமுக அமைச்சராக இருந்தபோது கண்ட கனவு அது. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தை நமக்குக் கொண்டுவந்தவர், இதையும் கொண்டுவருவார் என்று நம்பினோம். 2000 செப்டம்பர் 16இல் ஹெலிகொப்டர் விபத்தில் அவர் போய்விட்டார். 2008இல் வேலை தொடங்கி, 2013இல் துறைமுகம் திறந்தது.

எங்கள் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதி தெற்குப் பக்கமிருந்து சரிந்து வரும் அலைகள் அதைக் கரையோரமாகவே வடக்கே நகர்த்திக்கொண்டிருக்கும். கடலுக்குள் நீண்ட துறைமுகக் கல்லணை அந்த வழியை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து, துறைமுக வாயையும் அடைத்தது. வடக்கே, தனக்கு வராமல் போன மணலைக் கடல் ஊரிடமிருந்து எடுத்தது. ஒவ்வொரு விடுமுறையிலும் நான் கண்டது, வேர் வெளியே தெரிய நின்ற தென்னைகள், அடுத்த விடுமுறையில் தண்ணீருக்குள் கிடந்த தென்னைகள், அதற்கடுத்ததில் ஒன்றுமேயில்லை.

ஊரைவிட்டு வந்தவர்களுக்கு ஒரு ஆறுதல் உண்டு, உங்களுக்கும் தெரியும்: என்றைக்காவது திரும்பிப் போகலாம், அது அங்கேயே இருக்கும். எனக்கு அந்த ஆறுதல் இல்லை. விமானச் சீட்டு வாங்கக் காசு இருக்கிறது. போய் இருப்பதற்கு அந்த இடம் இல்லை.

போன வாரம் தம்பி வீடியோவில் வந்தான். கரைக்குப் போகச் சொன்னேன். போனான். வலை இழுத்த இடம் எது என்று கேட்டேன். கையை நீட்டிக் கடலைக் காட்டினான், கொஞ்சம் உள்ளே.

"பேசாம, போனை அப்படியே பிடி," என்றேன். பிடித்தான். அலை உருண்டு உடைவது திரையில் தெரிந்தது. சத்தம் வரவில்லை. பேசுகிறவரின் குரலை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை இரைச்சல் என்று இந்த போன் வடித்துவிடுகிறதாம்.

"கேட்குதா காக்கா?" என்றான்.

"ஓம், கேட்குது," என்றேன்.